குடைவுப்பாறைப் பல்லியும் ஒரு பலகைக்கல்லும்

செப்டம்பர் 2, திங்கட்கிழமை, அமாவாசை. செஞ்சியில் நான் வாடகைக்கு எடுத்திருந்த அறையில் விடிவதற்குச் சற்று முன்பே எழுந்துவிட்டேன். ஜன்னலுக்கு வெளியே தொங்கும் வெப்பமானியைப் பார்த்து டைரியில் எழுதினேன். முந்தின நாள் பயன்படுத்திய இடுக்கிகளை ஸ்பிரிட்டில் துடைத்து, வெள்ளைத் துணியில் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கினேன். குடிக்கத் தண்ணீர் கொதிக்க வைத்தேன். அது ஆறுவதற்குள் கைப்பேசியிலிருந்த படங்களைக் கணினிக்கு மாற்றினேன். பஸ் ஸ்டாண்டுப் பக்கமிருந்து, "மலையனூர், மலையனூர், நடுவுல எங்கயும் நிக்காது" என்று மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்கு விடும் அமாவாசைச் சிறப்புப் பேருந்துகளின் கண்டக்டர்கள் கூவுவது கேட்டுக்கொண்டே இருந்தது.

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்குக் கருவிகளை இயக்க மற்றவர்கள் கற்றுத்தருவார்கள். நான் சொல்லப்போவது எல்லாக் கருவிகளும் சரியாக வேலை செய்த ஒரு நாளைப் பற்றி. மரபணுவைப் பிரித்ததில் பிழையில்லை. அதன் எழுத்துகளைப் படித்ததில் பிழையில்லை. அவற்றைக் கொண்டு உயிரினங்களின் உறவு மரத்தை வரைந்த மென்பொருளிலும் பிழையில்லை. ஆனாலும் அன்று நான் கையெழுத்துப் போட இருந்தது ஒரு தவறான அறிக்கை.

செஞ்சியிலிருந்து மேல்மலையனூர் போகும் சாலையில், பாதி வழியில் ஒரு சிறு குன்று இருக்கிறது. ஊரில் அதைக் குடைவுப்பாறை என்பார்கள். உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஆள் நிமிர்ந்து நிற்கக்கூடிய ஒரு குடைவு. முன்னொரு காலத்தில் அங்கே ஒரு சமண முனிவர் தங்கியிருந்தார் என்று அவ்வூர்ச் சமணக் குடும்பங்கள் ஆண்டுக்கு ஒருமுறை ஏறி வணங்கிவிட்டு வரும். கல்வெட்டு இல்லை, சிலை இல்லை. அதனால் தொல்லியல் பாதுகாப்பும் இல்லை. அந்தக் குன்றைக் கல் வெட்டக் குவாரிக்காரர்கள் குத்தகைக்குக் கேட்டிருந்தார்கள். அன்று பிற்பகல் செஞ்சியில் ஒரு கல்யாண மண்டபத்தில் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம்.

குன்றின் அடியில் அந்தச் சமணக் குடும்பங்களில் ஒன்றான அப்பாண்டைராஜ், பத்மா தம்பதியின் மணிலா என்கிற வேர்க்கடலைக் கொல்லையும் கிணறும் இருந்தன. பக்கத்து ஊரில் வெடி வைக்கத் தொடங்கிய பிறகு ஒரு கிணற்றின் சுவர் விரிந்து தண்ணீர் இறங்கிப் போனதை இருவரும் நேரில் பார்த்தவர்கள். "குன்னு போனா கெணறு போயிடும்க்கா. கெணறு போனா நாங்க இங்க இன்னா பண்றது? மெட்ராஸ் போயி வாட்ச்மேன் வேலைதான்" என்று பத்மா என்னிடம் முதல் நாளே சொல்லியிருந்தார்.

அந்தக் குடைவின் சுவரில் சுண்டுவிரல் நீளமுள்ள பாறைப் பல்லிகள் வாழ்கின்றன. பகலில் நடமாடுபவை. தரையில் இறங்கி வெகுதூரம் போகாதவை. இப்படிப்பட்ட பல்லிகள் ஒரு குன்றில் அடைபட்டு நெடுங்காலம் வாழ்ந்தால் பக்கத்துக் குன்றின் பல்லியிலிருந்து மெல்ல வேறுபட்டுப் போகும். குடைவுப்பாறைப் பல்லி செஞ்சிக் கோட்டை மலைகளின் பல்லியிலிருந்து வேறான, வேறெங்கும் இல்லாத இனம் என்று காட்ட முடிந்தால் குத்தகை நிற்க வாய்ப்புண்டு. அதற்காகத்தான் ஊரார் எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள்.

வழக்கமாக வால்நுனியில் ஒரு சிறு துண்டு வெட்டி எடுப்போம். அப்பாண்டைராஜ் அதற்கு ஒப்புக்கொள்ளவில்லை.

"இந்த மலையில ஒரு உயிரையும் தொடக் கூடாது மேடம். செத்துப் போனது, உதிர்ந்தது இருந்தா எடுத்துக்குங்க."

"வால் திரும்ப வளர்ந்துடும்ண்ணா."

"வளரட்டும். வெட்டும்போது வலிக்குதா இல்லியா?"

பஞ்சால் எச்சிலைத் தொட்டெடுக்கலாம் என்றபோதும், அதற்காகக் கையால் பிடிப்பதற்குக்கூட அவர் சம்மதிக்கவில்லை. பயந்தால் பல்லி தானே வாலை உதிர்த்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். எனவே நாங்கள் குஞ்சு பொரித்துக் காலியாகிவிட்ட முட்டை ஓடுகளை எடுத்தோம். இந்தப் பல்லிகள் முட்டையைப் பாறையில் ஒட்டவைக்கும். குஞ்சு போன பிறகும் ஓடு வெள்ளைப் பொட்டாக அங்கேயே ஒட்டியிருக்கும். உட்புறச் சவ்வில் மரபணு மிஞ்சியிருக்கும். ஒரு ஓடு குடைவுக்குள் இரு கற்கள்மேல் கிடந்த ஒரு பலகைக்கல்லின் அடிப்பக்கத்திலிருந்து. இன்னொன்று குடைவின் சுவர் விரிசலிலிருந்து.

அன்று காலை, தண்ணீர் ஆறுவதற்குள், எங்கள் புதுச்சேரி ஆய்வகத்திலிருந்து சுதாகர் கூப்பிட்டான். மரம் வரைவது அவன் வேலை. என்னோடு நெடுநாள் வேலை செய்தவன்.

"மேடம், உக்காந்துட்டீங்களா? உக்காருங்க மொதல்ல."

"சொல்லுடா."

"பலகைக்கல் ஓடு அருமையா வந்திருக்கு. செஞ்சிக் கோட்டைப் பல்லிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. ஓசூர்ப் பக்கம் ஒரு கிளை இருக்குதே, அதுக்குப் பக்கத்துல போயி உக்காருது. ஆனா அதுவும் இல்ல. தனிக் கிளை. புதுசு மேடம், யாரும் பார்க்காத இனம்!"

"சுவர் ஓடு?"

"அது முதல் தடவை சரியா வரல. திரும்ப ஓடிக்கிட்டிருக்கு, மதியம் தெரியும். அது எதுக்கு இனிமே? இதுவே போதும். பத்மா அக்கா காலையிலேயே கேட்டாங்க, மரத்தைப் படமா அனுப்பிட்டேன்."

"என்னைக் கேக்காமலா?"

"நல்ல சேதிதானே மேடம்."

போனை வைத்தேன். மகிழ்ச்சியாகத்தான் இருந்தது, மறைக்க விரும்பவில்லை. கூட்டத்தில் கொடுக்க வேண்டிய இரண்டு பக்க அறிக்கையை முடித்துக் கையெழுத்துப் போட உட்கார்ந்தேன். கையெழுத்துக்கு முன்னால் ஒவ்வொரு மாதிரியின் படத்தையும் திறந்து பார்ப்பது என் வழக்கம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு படம் எடுப்பேன். ஒன்று அருகிலிருந்து, ஓடு மட்டும் தெரிய. இன்னொன்று தள்ளி நின்று, சுற்றுப்புறம் தெரிய. பெரும்பாலும் இரண்டாவதை யாரும் பார்ப்பதில்லை.

தள்ளி நின்று எடுத்த படத்தில், பலகைக்கல்லின் பின் விளிம்பு ஃபிளாஷ் வெளிச்சத்தில் தெரிந்தது. அந்த விளிம்பில் மூன்று பள்ளங்கள் ஒன்றுக்கொன்று இணையாக, மேலிருந்து கீழாக நேராக ஓடின. ஒரு குழாயை நெடுக்கே பாதியாக வெட்டினால் உட்புறம் எப்படித் தெரியுமோ, அப்படி.

பாறை தானாக அப்படி உடையாது. அது துளைபோடும் இயந்திரத்தின் தடம். குடைவுப்பாறையில் இதுவரை ஒரு கல்லும் வெட்டப்படவில்லை. ஊரார் கேட்டுக்கொண்டிருந்ததே அதைத்தானே, இனியும் வெட்டாதே என்று. அப்படியானால் இந்தக் கல் எங்கிருந்து வந்தது?

அறிக்கையைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். சிறப்புப் பேருந்தின் படியில் கண்டக்டர் குறுக்கே நின்றார்.

"மலையனூர் போறவங்க மட்டும் ஏறுங்க."

"நடுவுல இறங்கணும். அவசரம்."

"அமாவாசையன்னிக்கு நடுவுல எறங்கறதுக்கு இன்னாமா அவசரம் உனக்கு? அம்மா கோவிச்சுக்கப் போறா" என்றார். பின்னால் பூக்கூடையோடு நின்ற பெண்கள் சிரித்தார்கள். ஆனால் ஏற்றிக்கொண்டார். நின்றபடியே போனேன். எலுமிச்சம்பழ வாசனை, குழந்தைகளின் அழுகை, வேர்வை. எனக்கு அந்த மூன்று பள்ளங்களைத் தவிர வேறெதுவும் மனதில் இல்லை.

இறங்கியதும் டீக்கடையில் நின்றிருந்த ஒருவர், "மேடம், நம்ம பல்லி உலகத்துலயே இல்லியாமே!" என்றார். கைப்பேசியில் படத்தைக் காட்டினார். சுதாகரின் மரத்துக்குக் கீழே யாரோ எழுதியிருந்தார்கள்: செஞ்சி அருகே மட்டும் வாழும் அபூர்வ உயிர். செய்தி எனக்கு முன்னால் பஸ்ஸேறி வந்து சேர்ந்துவிட்டது.

அப்பாண்டைராஜைக் கொல்லையில் கண்டேன். "மேல போய் வரணும், இப்பவே" என்று மட்டும் சொன்னேன். பத்மாவும் மோர்ச் செம்போடு பின்னாலேயே ஏறினார். வழியெல்லாம் அவருடைய பேச்சு மரத்தைப் பற்றித்தான். அவருக்கு அது புரிந்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

முதல் வாரம் நான் அவருக்கு விளக்க முயன்றபோது அவரே சொன்னது இது: "எங்க சொந்தத்துல கல்யாணப் பத்திரிகை அடிக்கணும்னா பழைய பத்திரிகை ஒண்ண அச்சாபீஸ்ல குடுத்து, பேர மட்டும் மாத்துன்னு சொல்லிடுவோம்க்கா. எங்க பெரியப்பா வீட்டுப் பத்திரிகையில ஒரு தப்பு விழுந்துச்சு. அதே தப்பு அவங்க மூணு பொண்ணுங்க பத்திரிகையிலயும் இருக்குது. எங்க சித்தப்பா வீட்டுல இல்ல. தப்ப வெச்சே எது எதப் பார்த்து அடிச்சதுன்னு சொல்லிடலாம்." உயிரினங்களின் உறவைத் தேடுகிற நம் வேலையை இதைவிடத் தெளிவாக நான் எந்த வகுப்பறையிலும் கேட்டதில்லை. மரபணுவும் நகலெடுக்கப்பட்டுக் கொண்டே வருகிறது. ஒருமுறை விழுந்த மாற்றம் அந்தக் கிளை முழுவதும் தொடர்கிறது. யாரிடம் எந்த மாற்றம் பொதுவாக இருக்கிறது என்று பார்த்து, யார் யாரிடமிருந்து பிரிந்தார்கள் என்று பின்னோக்கிப் போகிறோம்.

குடைவுக்குள் வந்ததும் நான் தரையில் மல்லாந்து படுத்து, கையைப் பலகைக்கல்லுக்குப் பின்னால் விட்டேன். விரல் முதல் பள்ளத்தில் விழுந்தது. வழவழப்பாக இருந்தது. இரண்டாவது. மூன்றாவது. படம் பொய் சொல்லவில்லை.

எழுந்து உட்கார்ந்தேன். "அண்ணா, இந்தக் கல் எப்போ இங்க வந்துச்சு?"

அப்பாண்டைராஜ் வெளியே பார்த்தார். எதிரே வெயிலில் செஞ்சிக் கோட்டை மலையான ராஜகிரி மங்கலாகத் தெரிந்தது. பத்மா கணவரைப் பார்த்தார், பிறகு என்னை.

"எதுக்குக் கேக்கறீங்க?" என்றார் பத்மா.

"இந்தக் கல்லோட அடியிலதான் அந்த ஓடு ஒட்டியிருந்தது. கல் இந்த மலையோடது இல்லன்னா ஓடும் இந்த மலையோடதுன்னு சொல்ல முடியாது."

அப்பாண்டைராஜ் திரும்பிக் கல்லைப் பார்த்தார்.

"நான் வாங்கிப் போட்டது" என்றார் அப்பாண்டைராஜ் கடைசியில். "போன வருசம் எங்க அம்மா ஏறி வந்தாங்க. முட்டி வலி, கீழ உக்கார முடியல. திண்டிவனம் ரோட்டுல கல்லு விக்கிறவன்கிட்ட சொன்னேன். மலையோட மேல்தோலோட வெட்டின கல்லு, ஒரு பக்கம் கரடுமுரடா இருக்கும், பரவாயில்லியான்னான். அடியில போற பக்கம்தானேன்னு வாங்கிட்டேன். எட்டு பேரு தூக்கினு வந்தோம்."

"எந்த ஊர்க் கல்?"

"ஓசூருக்கு அந்தாண்ட எங்கியோன்னான்."

எனக்கு எல்லாம் ஒரு நொடியில் விளங்கிவிட்டது. சுதாகரின் மென்பொருள் சரியாகத்தான் சொன்னது. அந்த ஓடு ஓசூர்க் கிளைக்குப் பக்கத்தில்தான் போய் உட்கார வேண்டும். எங்கேயோ ஒரு மலையின் மேல்தோலில் ஒட்டிய முட்டை, குஞ்சு பொரித்த பிறகு, கல்லோடு லாரி ஏறி இங்கே வந்திருக்கிறது. வால்நுனி வெட்டியிருந்தால் உயிருள்ள பல்லியைப் பிடித்திருப்போம், இது நடந்திருக்காது. ஓர் உயிருக்கும் வலிக்கக் கூடாது என்று ஒப்புக்கொண்டதால் நாங்கள் ஓட்டுக்குப் போனோம். ஓடு ஓடாது, நகராது என்று நம்பினோம். கல் நகரும் என்று நினைக்கவில்லை.

பத்மா மோர்ச் செம்பைத் தரையில் வைத்தார். குரல் தாழ்ந்திருந்தது.

"இது யாருக்குத் தெரியும்? உங்களுக்கு, எங்களுக்கு. எட்டு பேரும் நம்ம ஆளுங்க. கல்லு வந்து சாட்சி சொல்லுமா?"

"பத்மா..."

"இருங்கக்கா. அமாவாசையன்னிக்குக் கூட்டம் வெச்சிருக்காங்களே, எதுக்கு? பாதி சனம் மலையனூர் போயிடும், யாரும் வரமாட்டாங்கன்னுதானே? அவங்க செய்யறது மட்டும் நேர்மையா? நீங்க ஒண்ணும் பொய் சொல்ல வேணாம். ஓடு இந்தக் கொகையில கெடைச்சுது. கெடைச்சுதா இல்லியா? அத மட்டும் எழுதுங்க."

இப்படி ஒரு கணம் உங்களுக்கும் வரும். அப்போது நேர்மை என்ற சொல் உதவிக்கு வராது. எதிரே நிற்பவரின் கிணறு அதைவிடப் பெரியதாகத் தெரியும். எனக்கு உதவியது இன்னொரு எண்ணம். நாம் ஒரு மாதிரிக்கு இடத்தின் பெயரை எழுதிப் பொதுவில் வைத்துவிட்டால் அது அங்கேயே நிற்காது. அடுத்து மரம் வரைகிறவர் அதை எடுப்பார். இந்த இனம் ஓசூரிலிருந்து செஞ்சிவரை பரவியிருந்தது என்பார். அப்படியானால் இடையிலிருந்த சமவெளி ஒரு காலத்தில் ஈரக் காடாக இருந்திருக்க வேண்டும் என்று இன்னொருவர் கணக்குப் போடுவார். ஒரு லாரிப் பயணம் இந்த நிலத்தின் வரலாறாக மாறிவிடும். பத்மாவின் பெரியப்பா வீட்டுப் பத்திரிகையில் விழுந்த தப்பைப் போலத்தான். அதை அப்படியே அவரிடம் சொன்னேன்.

"அப்ப எங்க கெணறு?" என்றார்.

அப்போது போன் அடித்தது. சுதாகர்.

"மேடம், சுவர் ஓடு வந்துடுச்சு. சின்னத் துண்டுதான். கோட்டைப் பல்லிங்களோட சேருது. ஆனா கிளை ஆடுது, உறுதியா சொல்ல முடியாது. ஒண்ணு கவனிச்சீங்களா? ஒரே குன்னுல ரெண்டு இனம்! இது இன்னும் பெரிய சேதி..."

"சுதாகர், பலகைக்கல் ஓசூர்ப் பக்கத்துலேர்ந்து வாங்கின கல். துளைத்தடம் இருக்கு. கையால தொட்டுப் பார்த்துட்டேன்."

அழைப்பு அறுந்துவிட்டதோ என்று திரையைப் பார்த்தேன்.

"நான் படத்தை அனுப்பியிருக்கக் கூடாது" என்றான். பிறகு வேறு குரலில் கேட்டான்: "அப்ப இது எந்த மலையோட பல்லி மேடம்?"

நான் அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டேதான் மலையிறங்கினேன். அப்பாண்டைராஜ் முன்னால் நடந்தார். பத்மா என் பக்கம் திரும்பவே இல்லை. செஞ்சிக்குத் திரும்பும் பஸ்ஸில் உட்கார இடம் இருந்தது. அறிக்கையின் முதல் பக்கத்தை மடியில் வைத்து, அடித்துவிட்டுக் கையால் புதிதாக எழுதினேன். பஸ் குலுங்கியதில் எழுத்து கோணலாக விழுந்தது. என் வாழ்நாளில் நான் கொடுத்த அறிக்கைகளில் அசிங்கமானது அதுதான்.

மண்டபத்தில் பத்மா பயந்ததற்கு மாறாகக் கூட்டம் நிறைந்திருந்தது. பல்லிச் செய்தி அழைத்து வந்த கூட்டம். மேடையில் அதிகாரி. முன்வரிசையில் குவாரித் தரப்பின் ஆலோசகர், கையில் ஒரு கோப்பு. அவர் கைப்பேசியிலும் சுதாகரின் மரம் இருந்ததைக் கண்டேன். அவர் அதைப் பெரிதாக்கிப் பார்த்து, பக்கத்தில் இருப்பவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்கு என்ன தெரிந்திருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

என்னைக் கூப்பிட்டார்கள். ஒலிபெருக்கி முன் நின்று சுருக்கமாகச் சொன்னேன்: "இன்று காலையிலிருந்து பரவும் படத்தில் இருக்கும் தனிக் கிளை, இந்தக் குன்றின் பல்லி அல்ல. அந்த ஓடு வெளியிலிருந்து கொண்டுவந்த கல்லில் ஒட்டியிருந்தது. அதைத் திரும்பப் பெறுகிறேன். குன்றின் சுவரிலிருந்து எடுத்த ஓடு ஒரு சிறு துண்டைத்தான் தந்திருக்கிறது. அதை வைத்து இந்தப் பல்லி கோட்டைப் பல்லியேதான் என்றும் சொல்ல முடியாது, வேறு என்றும் சொல்ல முடியாது."

மண்டபம் இரைந்தது. டீக்கடையில் பார்த்தவர், "இன்னா மேடம் இது, காலையில ஒண்ணு சாயங்காலம் ஒண்ணு?" என்று கத்தினார். ஆலோசகர் எழுந்தார்.

"ஐயா, மேடமே சொல்லிட்டாங்க. இங்க அபூர்வமா ஒண்ணுமில்ல. பதிவு பண்ணிக்குங்க. ஒரு சந்தேகம் மட்டும். அந்தக் கல்லு யாரு, எங்கேர்ந்து கொண்டாந்தாங்கன்னு சொன்னா நல்லா இருக்கும்."

நான் ஒலிபெருக்கியிலிருந்து ஒரு அடி விலகினேன். அதைச் சொல்வது என் உரிமை இல்லை. பெண்கள் வரிசையில் பத்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு குனிந்திருந்தார். பின்வரிசையில் ஒரு நாற்காலி தரையில் உராயும் சத்தம் கேட்டது. அப்பாண்டைராஜ் எழுந்து நின்றிருந்தார்.

"நான்தான் வாங்கிப் போட்டேன். எங்க அம்மா உக்காரறதுக்கு. ஓசூருக்கு அந்தாண்ட குவாரிக் கல்லு."

யாரோ உரக்கச் சொன்னார்கள்: "குவாரி வேணாம்னு பெட்டிசன் போட்டவரு குவாரிக் கல்லு மேல குந்திக்கினு இருக்காருய்யா!" மண்டபமே சிரித்தது. ஆலோசகர் சிரிக்காமல் உட்கார்ந்துகொண்டார். சிரிக்கத் தேவையே இல்லை என்பதுபோல.

அப்பாண்டைராஜ் சிரிப்பு அடங்கும்வரை நின்றார். "ஆமா, குந்தினேன்" என்றார். "அது எந்த மலைன்னு அப்ப நான் கேக்கல." அவர் உட்காரவில்லை.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். சலிப்பாகத்தான் கேட்டார். "ஏம்மா, அப்போ அந்தப் படத்துல இருக்கற புதுப் பல்லி எந்த ஊருது?"

காலையிலிருந்து என்னோடு வந்த கேள்வி.

"தெரியாது சார். இதுவரை யாரும் பார்க்காத இனம், அது உண்மை. அந்தக் கல்லை எந்தக் குன்றில் வெட்டினார்களோ அங்கே வாழ்ந்தது. அந்தக் குன்று இப்போது இருக்கிறதா என்று தெரியாது. பல்லியும் இருக்கிறதா என்று தெரியாது. வெட்டுவதற்கு முன்னால் அங்கே யாரும் போய்ப் பார்க்கவில்லை. மிஞ்சியது ஒரு ஓடு, அதுவும் தற்செயலாக. குடைவுப்பாறையில் சுவரும் இருக்கிறது, பல்லியும் இருக்கிறது. இங்கே இன்னும் பார்க்க முடியும். அதைத்தான் கேட்கிறோம்."

இதை நான் முன்கூட்டி யோசித்து வைத்திருக்கவில்லை. அப்பாண்டைராஜ் எழுந்து நிற்காமல் இருந்திருந்தால் சொல்லியிருக்கவும் முடியாது. அந்தக் கல்லுக்கு ஓர் ஊர் உண்டு என்று அவர்தான் மண்டபத்துக்குச் சொன்னார்.

சிரிப்பு இப்போது இல்லை. ஆலோசகர் எழுந்து, "இது இந்தக் குத்தகைக்குச் சம்பந்தமில்லாதது" என்றார். அதிகாரி அவரை உட்காரச் சொல்லிவிட்டு எழுதினார். எழுதியதை வாசித்துக் காட்டினார். குன்றின் உயிர்களைப் பற்றிய ஆய்வு முழுமையடையவில்லை. அது முடிந்து அறிக்கை வரும்வரை கருத்துக் கேட்பு நிறைவு பெற்றதாகக் கொள்ள முடியாது.

வெற்றி என்று யாரும் கைதட்டவில்லை. அது வெற்றியும் இல்லை. இதை எழுதும் இன்றும் அந்தக் குத்தகை விவகாரம் முடியவில்லை. மேல்மலையனூர் பஸ்ஸில் போனால் குன்று நிற்பதைப் பார்க்கலாம். கல் விற்றவரிடம் நானும் சுதாகரும் பின்னர் போய் விசாரித்தோம். "பத்து எடத்துலேர்ந்து லோடு வருது, எந்தக் குன்னுன்னு எப்படிச் சொல்றது?" என்றார். நம் ஆய்வகத்தின் பெரிய மரத்தில் ஓசூர்க் கிளைக்குப் பக்கத்தில் ஒரு தனிக் கிளையைப் பார்ப்பீர்கள். இடம் என்ற கட்டத்தில் "தெரியவில்லை" என்றிருக்கும். தயவுசெய்து அதை யாரும் திருத்தி நிரப்பிவிடாதீர்கள்.

மண்டப வாசலில் பத்மா என்னைக் கடந்து போனார். இரண்டடி போய்த் திரும்பி, "சாப்டீங்களாக்கா?" என்றார். இல்லை என்றேன். "எங்களுக்குப் பொழுது சாயறதுக்குள்ள சாப்பாடு முடியணும், வாங்க" என்றார். போனேன். சாப்பிடும்போது மூவரும் கூட்டத்தைப் பற்றிப் பேசவில்லை. கிளம்பும்போது அப்பாண்டைராஜ் கேட்டார்: "ஓடு வேணாம்னா, பல்லியோட எச்சிலு போதுமா மேடம்? பஞ்சால தொட்டு எடுக்கலாம்னு அன்னைக்குச் சொன்னீங்களே."

"போதும்ண்ணா. ஆனா கையில பிடிக்கணும்."

அவர் தலையாட்டினார். சரி என்றோ, யோசிக்கிறேன் என்றோ எனக்குப் புரியவில்லை.

மறுநாள் காலை வெப்பமானியைப் பார்க்கவில்லை, தண்ணீர் கொதிக்க வைக்கவில்லை. முதல் பஸ்ஸைப் பிடித்துக் குடைவுக்கு ஏறினேன். அவர் எனக்கு முன்பே வந்து, பலகைக்கல்லில் உட்காராமல், சுவரோரம் நின்றிருந்தார். பஞ்சுக் குச்சியை நான் பிரிப்பதற்குள், "நீங்க புடிக்க வேணாம்" என்று சொல்லி, உள்ளங்கையைக் குவித்து விரிசலின் வாயில் வைத்தார். நெடுநேரம் அசையவில்லை. ஒரு பல்லி வெளியே வந்து அவர் விரலில் ஏறியது. மெல்ல மூடினார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவில் சிறு தலை தெரிந்தது. வாயோரம் பஞ்சை வைத்தேன். அது கடித்தது, விட்டது. அவர் கையைச் சுவரோடு சேர்த்துத் திறந்தார். பல்லி ஏறி விரிசலுக்குள் போயிற்று, முழு வாலோடு. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, "அடுத்தது எங்க இருக்குதுன்னு பாருங்க மேடம்" என்றார்.